வண்டியின் முகம் வாசலைப் பார்க்கட்டும்

தம்பி, தங்கை, உன்னை ஒன்று கேட்கிறேன். காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கோ காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்கோ காரில் போகிறாய். வண்டி நிறுத்துமிடத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ரிவர்ஸில் உள்ளே விட்டால் திரும்பும்போது நேராகக் கிளம்பலாம் என்பது உனக்கே தெரியும். இருந்தும் வண்டியை முன்பக்கமாகவே நுழைத்து, அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போகிறாய். ஏன்?

நேரமில்லை என்று சொல்லாதே. கூடுதலாக ஆகப்போவது அரை நிமிடம். உண்மைக் காரணம் உன் பின்னால் வந்து நிற்கிற வண்டி. அவன் ஹாரன் அடித்துவிடுவானோ? ஒரே மூச்சில் உள்ளே போகாமல் மறுபடி முன்னால் எடுக்க நேர்ந்தால் பூக்கடைக்காரர் பார்ப்பாரோ, டீக்கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்களோ? "இன்னும் எல் போர்டுதான் போல" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ? இந்தக் கூச்சம்தான் உன் கையைப் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. ஓட்டுவது நீ இல்லை. உன்னைப் பார்க்கிறவர்களின் கண்கள் ஓட்டுகின்றன.

அந்தக் கூச்சத்தை இன்றோடு ஒழித்துக் கட்டு. அதற்காகத்தான் எழுதுகிறேன். ‘தம்பிக்கு’ என்று தொடங்கிக் கடிதம் கடிதமாக எழுதி ஒரு தலைமுறையையே எழுப்பிவிட்ட அண்ணாவின் ஊர் இது. அவர் வாழ்ந்த வீடு இதே சின்ன காஞ்சிபுரத்தில் நினைவில்லமாக இருக்கிறது. இந்த மண்ணில் நின்றுகொண்டு தம்பி என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டு. கேட்க உனக்குக் கடமை உண்டு.

நான் சொல்லப்போவது இதுதான்: பின்பக்கமாக உள்ளே விடு, முன்பக்கமாக வெளியே எடு. நிறுத்துமிடத்தில் கார் நிறுத்துவதற்குப் பெரும்பாலும் இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

பெரும்பாலான இடங்களில் எப்படி நிறுத்தினாலும் ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்பதை முதலில் புரிந்துகொள். வரும்போது எடுக்கவில்லை என்றால் போகும்போது எடுப்பாய். வேலை குறைவதில்லை, தள்ளித்தான் போகிறது. அதுவும் எந்த நேரத்துக்கு? வரும்போது உன் கண் விழிப்பாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தைக் கடந்து வந்தாய், அங்கே கல் இல்லை, ஆள் இல்லை, மாடு படுத்திருக்கவில்லை என்று நீயே பார்த்தாய். பார்த்த இடத்துக்குள் பின்பக்கமாகப் போகிறாய். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது நிலைமை வேறு. வண்டிக்குப் பின்னால் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் பைக்கைக் குறுக்கே விட்டுப் போயிருக்கிறார்கள், எதுவும் உனக்குத் தெரியாது. பார்க்காத இடத்துக்குள் பின்பக்கமாகப் போகிறாய்.

இன்னும் ஒன்று. கோடு போட்ட காலி இடத்துக்குள் மனிதர்கள் நடப்பதில்லை. வண்டிகள் போய்வருகிற நடுப்பாதையில்தான் எல்லாரும் நடக்கிறார்கள். ரிவர்ஸில் உள்ளே விடுகிறவன் ஆளில்லாத இடத்தை நோக்கிப் பின்னால் போகிறான். ரிவர்ஸில் வெளியே எடுக்கிறவன் ஆள் நடக்கிற பாதைக்குள் தன் முதுகைத் தள்ளுகிறான்.

சின்ன காஞ்சிபுரத்தின் ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பார். முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பங்கள், அப்படியே பெருமாளையும் சேவித்துவிட்டுக் கிளம்புகின்றன. பாட்டியின் கையில் கோயில் இட்லிப் பொட்டலம், சித்தியின் தோளில் துணிப்பை, மாமாவின் காதில் போன். இவர்கள் யாருமே கீழே பார்ப்பதில்லை. இவர்களுக்கு நடுவில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, வாங்கிய பலூன் கையை விட்டுப் போய்விட்டது என்று ஓடுகிறது. அந்தப் பிள்ளையின் உயரம் உன் காரின் டிக்கி மூடியை எட்டாது. உள்கண்ணாடியில் தெரியாது. பக்கத்துக் கண்ணாடிகளிலும் தெரியாது. இருபுறமும் பெரிய வண்டிகள் மறைத்து நிற்க, நீ பின்னால் எடுக்கிறாய். உன் கண் இருக்கும் இடத்திலிருந்து பின் பம்பர் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு நீளமும் பாதைக்குள் வந்த பிறகுதான் குறுக்கே வருவது யார் என்று உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம்.

நீயும் அப்போது பழைய ஆள் இல்லை. வரிசையில் நின்று கால் வலிக்கிறது. பசி. இருட்டிவிட்டது. பின் சீட்டில் குழந்தை அழுகிறது. "சீக்கிரம் எடுப்பா" என்கிறார் அப்பா. கடினமான வேலையை எந்த நேரத்துக்குத் தள்ளிவைத்தாய் என்று பார்த்துக்கொள்.

இது நான் கட்டிச் சொல்லும் பயம் இல்லை. அமெரிக்காவில் 2002-ல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, சொந்த வீட்டு வாசலில், ரிவர்ஸில் வந்த சொந்தத் தகப்பனின் வண்டியில் அடிபட்டு இறந்தது. அந்தத் தகப்பன் ஒரு குழந்தை மருத்துவர். கண்ணாடியைப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தார், பார்த்தும் தெரியவில்லை. கேமரன் என்ற அந்தக் குழந்தையின் பெயராலேயே 2007-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே வந்தது. அதன் வழியாக, 2018 மே மாதத்திலிருந்து அந்த நாட்டில் புதிய கார்கள் அனைத்திலும் பின்பக்கக் கேமரா கட்டாயம் ஆயிற்று. அந்த விதியைக் கொண்டுவந்தபோது அரசு வைத்த கணக்கு: பின்பக்கமாக வரும் வண்டி மோதி ஆண்டுக்கு ஏறத்தாழ 210 பேர் சாகிறார்கள், 15,000 பேர் காயப்படுகிறார்கள். செத்தவர்களில் 100-க்கு 31 பேர் ஐந்து வயதுக்கும் கீழான பிள்ளைகள். 26 பேர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள். பேரப்பிள்ளையும் தாத்தா பாட்டியும்தான் முதலில் விழுகிறார்கள். நம் கோயில் வாசல்களில் அதிகம் நடப்பவர்கள் யார்? அதே பேரப்பிள்ளையும் தாத்தா பாட்டியும்தான்.

நம் நாட்டுக்கு வா. புதிய கார்கள் எல்லாவற்றிலும் ரிவர்ஸ் சென்சார் இருந்தே ஆகவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்த நாள் 2019 ஜூலை 1. அந்தத் தேதியைச் சின்ன காஞ்சிபுரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு எழுந்தருளிய அத்தி வரதரின் தரிசனம் தொடங்கிய நாளும் அதே நாள்தான். சயனக் கோலத்தில் ஒரு மாதம், பிறகு நின்ற கோலத்தில், மொத்தம் நாற்பத்தெட்டு நாளில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தச் சிறிய ஊருக்குள் வந்து போனார்கள் என்றார்கள். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே மறித்து நிறுத்தினார்கள். வெட்டவெளியெல்லாம் நிறுத்துமிடம் ஆயிற்று. தரிசனம் முடித்துக் களைத்து வந்தவர்கள், கடல் போலக் கிடந்த வண்டிகளுக்கு நடுவில் தங்கள் காரைத் தேடிக் கண்டுபிடித்து, ஆள் நெரியும் மண்பாதையில் முதுகைக் காட்டி வெளியே எடுக்கப் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. முகம் பாதையைப் பார்க்க நின்ற வண்டிகள் மட்டும் கிடைத்த இடைவெளியில் நேராகக் கிளம்பின.

சென்சார் வந்துவிட்டதே, கேமரா இருக்கிறதே, இனி எப்படி நிறுத்தினால் என்ன என்று கேட்பாய். சென்சார் ஒலி அலையை அனுப்பி, எதிரே மோதித் திரும்பி வருவதைக் கேட்கிறது. மெல்லிய கம்பியையும் தாழ்ந்த கல்லையும் விட்டுவிடும். பக்கவாட்டில் வேகமாக ஓடிவருவது அதன் எல்லைக்குள் வருவதற்குள் காலம் கடந்துவிடும். கேமராவின் கண்ணில் ஒரு மழைத்துளி விழுந்தால் படம் கலங்கிவிடுகிறது. குறுக்கே வரும் வண்டிகளைக் கண்டு எச்சரிக்கும் கருவிகளை அமெரிக்க மோட்டார் சங்கம் சோதித்துப் பார்த்தபோது, நூறு தடவைக்கு 48 தடவை மோட்டார் சைக்கிளை அவை கண்டுகொள்ளவில்லை. மோட்டார் சைக்கிள் இல்லாத பாதை நம் ஊரில் எங்கே இருக்கிறது? கருவியை வைத்துக்கொள், பயன்படுத்து. ஆனால் உன் கண் செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்டாதே.

ரிவர்ஸில் உள்ளே போவது கடினம் என்று யாரோ உன்னை நம்பவைத்திருக்கிறார்கள். குறுகலான இடத்துக்குள் நுழைய அதுதான் எளிய வழி. காரில் திரும்புகிறவை முன் சக்கரங்கள். முன்பக்கமாக நுழையும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. உள்பக்கமாகக் குறுக்கி வருகின்றன. அதனால்தான் வண்டியின் நடுப்பகுதி பக்கத்துக் காரை உரசுகிறது. ரிவர்ஸில் போகும்போது திரும்பாத பின் சக்கரங்கள் முதலில் இடத்துக்குள் போய்விடுகின்றன. திரும்புகிற முன்பக்கம் கடைசிவரை அகன்ற வெளியில் இருக்கிறது. அங்கே அதை எப்படி வேண்டுமானாலும் அசைத்துச் சரிசெய்யலாம். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் சாலையோரம் நிறுத்துகிறவர்கள் எல்லாரும் ரிவர்ஸிலேயே நுழைவது இதற்காகத்தான். ஜப்பானில் போய்ப் பார், நிறுத்துமிடங்களில் வரிசை வரிசையாகக் கார்கள் வெளியே பார்த்துதான் நிற்கும். எண்ணெய், எரிவாயு, ரசாயனத் தொழில் நடத்துகிற பெரிய வளாகங்கள் பலவற்றில் இப்படி நிறுத்துவது எழுதி வைத்த விதி. ஆபத்து என்றால் ஒரு நொடியும் வீணாகாமல் எல்லா வண்டியும் வெளியேற வேண்டும் என்பதுதான் காரணம்.

அந்த ஆபத்து ஆலைக்குள் மட்டும்தான் வரும் என்று நினைக்காதே. அதே 2019-ம் ஆண்டு, பிப்ரவரி 23. பெங்களூரு எலகங்காவில் விமானக் கண்காட்சி பார்க்க வந்தவர்கள் காய்ந்த புல்வெளியில் வண்டிகளை நெருக்கி நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். புல்லில் பற்றிய நெருப்பு காற்றோடு சேர்ந்தது. ஏறத்தாழ 300 கார்கள் எரிந்தன. மறுநாள் நம் சென்னையில், போரூரில், ஒரு தனியார் நிறுத்துமிடத்தில் சுமார் 200 கார்கள் கருகின. இரண்டு நாளில் இரண்டு ஊரில் ஐந்நூறு கார்கள். எத்தனை வாடகை வண்டி ஓட்டுநர்களின் தவணை அந்தத் தீயில் போயிற்று என்று நினைத்துப் பார்.

வைகாசி கருட சேவைக்கு நம் ஊருக்கு வருகிறவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள்? அக்னி வெயிலில் காய்ந்து கிடக்கும் காலி மனைகளிலும் வயல்களிலும். நீண்ட தூரம் ஓடிவந்த காரின் புகைக்குழாய் கொதித்துக் கிடக்கிறது. அதன் கீழே முழங்கால் உயரக் காய்ந்த புல். இப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தாதே. புல் இல்லாத தரையைத் தேடு. வேறு வழியே இல்லை என்றால், வண்டியின் முகம் வெளியேறும் வழியைப் பார்த்தே இருக்கட்டும். அப்படியும் தீ நெருங்கிவிட்டால் காரைப் பற்றி யோசிக்காதே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடு. உயிர் முதலில்.

இப்போது அந்த ஹாரனுக்கு வருகிறேன். எல்லாத் தயக்கத்துக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

வரதராஜர் தேர் ஓடும் நாளில் வடத்தைப் பார்க்காதே, சக்கரத்தடியைப் பார். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். கோவிந்தா கோவிந்தா என்று ஊரே முழங்குகிறது. முரசு அதிர்கிறது. அத்தனை பேரின் வேகமும் முன்னால் இழுக்க, சக்கரத்துக்கு அடியில் குனிந்தபடி முட்டுக்கட்டையோடு ஓடிவருகிறார் ஒருவர். அவர் கூட்டத்தின் குரலைக் கேட்பதில்லை. அவர் கண் சக்கரத்தில் இருக்கிறது, மரக்கட்டையில் இருக்கிறது, திருப்பத்தில் இருக்கிறது. எப்போது கட்டையைக் கொடுக்க வேண்டுமோ அப்போது கொடுக்கிறார். தேர் மெல்லத் திரும்புகிறது. சீக்கிரம் சீக்கிரம் என்ற இரைச்சலுக்கு அவர் ஒரு கணம் செவிகொடுத்தால் அந்தத் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். அவ்வளவு பெரிய தேரை ஒற்றை மரத்துண்டால் திருப்புகிற அந்த மனிதரின் நெஞ்சு உனக்கு வேண்டும். உன் வண்டி இருக்கிறதே, அந்தத் தேருக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்கு உன் பிள்ளை யாரென்று தெரியாது. உன் வண்டியில் கீறல் விழுந்தால் அவன் பணம் தரமாட்டான். நீ பின்னால் எடுக்கும்போது யாராவது அடிபட்டால் நீதிமன்றத்தில் உன் பக்கத்தில் வந்து நிற்கமாட்டான். அடுத்த வாரம் உன்னை எதிரில் பார்த்தால் அடையாளம்கூட அவனுக்குத் தெரியாது. அவனுக்காகவா உன் முடிவை மாற்றுகிறாய்? இண்டிகேட்டர் போட்டாயிற்று, ரிவர்ஸ் விளக்கு எரிகிறது, நீ செய்வது இன்னதென்று அவனுக்குத் தெரியும். அரை நிமிடம் நிற்கட்டும். ஒரே தடவையில் உள்ளே போகவில்லையா? முன்னால் எடு, நேர் செய், மறுபடி போ. லாரி ஓட்டி நரைத்தவர்களும் அப்படித்தான் எடுக்கிறார்கள். இரண்டாம் தடவை எடுப்பது தோல்வி என்று உனக்கு யார் சொன்னார்கள்?

தங்கையே, உனக்குத் தனியாகவே சொல்கிறேன். "பொம்பளைங்களுக்கு ரிவர்ஸ் வராது" என்று உன் காதுபடச் சொல்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, வரிக்கு வரி ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்கிற கோர்வைச் சேலை நெய்யும் ஊர் இது. ஒரு இழை பிசகினால் அடுத்த நொடி கண்டுபிடிக்கிற கண்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றில் பாதி பெண்களின் கண்கள். பட்டு இழையின் அகலத்தைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு முழ இடைவெளி தெரியாதா? கை கால் கண் மூன்றும் ஒன்றாக வேலை செய்வதைத் தறிக்குழியில் உட்கார்ந்து கற்ற பரம்பரை இது. வராது என்பவன் வாயை மூட, அவன் கண்ணெதிரே ஒரு தடவை நிறுத்திக் காட்டு.

இடம் போதாது என்று ஒரு பயம். கணக்குப் போட்டுப் பார். முறைப்படி கோடு போட்ட கார் இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்களின் நீளம் நாலு மீட்டருக்குள். அகலம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர். இரண்டு பக்கமும் ஒன்றரைச் சாணுக்குச் சற்று மேலாகவே இடம் மிஞ்சுகிறது. அந்த இடைவெளி உனக்குப் போதும்.

எப்படி விடுவது? முதலில் உன் வலப்பக்கத்தில் இருக்கும் காலி இடத்தில் பழகு. நம் வண்டியில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், கோடும் பின் சக்கரமும் உன் ஜன்னல் பக்கத்திலேயே இருக்கும். நிற்கிற வண்டிகளிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, காலி இடத்தைத் தாண்டி மெல்லப் போ. போகும்போதே உள்ளே யாராவது, ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடு. பாட்டை அணை, ஜன்னலை இறக்கு. காதும் கண்ணுக்கு உதவட்டும். தாண்டியதும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்து முகத்தை அகற்று. டிக்கி தானாகவே காலி இடத்தைப் பார்த்து நிற்கும். பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது. இப்போது நில். முழுசாக நில். இரண்டு பக்கமும், பின்னாலும், கண்ணாடியில் மட்டுமல்ல, கழுத்தைத் திருப்பிப் பார். பிறகு ரிவர்ஸ் கியர். ஆக்சிலரேட்டரில் கால் வேண்டாம். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாலே வண்டி ஊர்ந்து வரும். நடக்கிற மனிதனைவிட மெதுவாக வரட்டும். ஸ்டீயரிங்கை இடத்தின் பக்கமாக ஒடி. இரண்டு கண்ணாடியிலும் கோடுகள் வண்டிக்கு இணையாகத் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை நேராக்கு. இரு பக்கமும் சமமாக இடைவெளி இருக்கிறதா? விடு உள்ளே. இல்லையா? நில், முன்னால் எடு, மறுபடி வா.

வெளியிலிருந்து யாராவது "வா, வா, வரலாம்" என்று சைகை காட்டினால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள். ஆனால் அவர் வண்டிக்கு நேர்பின்னால் நிற்கக்கூடாது. உன் வலது கண்ணாடியில் அவர் முகம் தெரிகிற இடத்தில் நிற்கச் சொல். முகம் மறைந்த நொடியில் பிரேக்கில் கால் வை. பிள்ளைகளை அந்த வேலைக்கு ஒருபோதும் அனுப்பாதே. சைகை காட்டுகிறவர் சொல்வது யோசனை. வண்டியின் பொறுப்பு உன்னுடையது.

நிறுத்திய பிறகும் வேலை இருக்கிறது. என்ஜினை அணைத்து பிரேக் போடாமல் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-வது பிரிவே சொல்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழு, சக்கரத்தை நேராக வை, கியரில் விடு. முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். பின் சீட்டைத் திரும்பிப் பார். தூங்கும் குழந்தையை "அஞ்சு நிமிஷம்தானே" என்று விட்டுப் போகாதே. கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று கையால் இழுத்துப் பார். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நின்றுகொண்டிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று பிள்ளைகள் வெளியே வர முடியாமல் மூச்சுமுட்டிச் செத்தார்கள். ஓடுகிற கார் மட்டும்தான் ஆபத்து என்று எண்ணுகிறவர்கள் அந்த மூன்று பேரை நினைத்துக்கொள்ளட்டும்.

கிளம்பும்போது, முகம் வெளியே பார்த்து நின்றாலும், ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வா. உயரமான பானட் உள்ள வண்டிகளில் முன்னால் நிற்கிற பிள்ளையும் தெரியாது. ஒரு சுற்று நடப்பதற்கு எத்தனை நொடி ஆகிவிடும்?

எல்லா இடத்திலும் ரிவர்ஸ்தான் என்று பிடிவாதமும் வேண்டாம். கோடுகள் சாய்வாகப் போடப்பட்டு, பாதையும் ஒருவழியாக இருந்தால், அந்தச் சாய்வு சொல்லும் திசையில் முன்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு இடம் சேர்ந்தாற்போலக் காலியாக இருந்தால் ஒன்றைக் கடந்து அடுத்ததில் போய் நில். ரிவர்ஸே எடுக்காமல் முகம் வெளியே வந்துவிடும். அதைவிட நல்லது வேறில்லை.

இதெல்லாம் புதிதாக உன்மேல் சுமத்தும் பாரம் என்று நினைக்காதே. குறுகிய இடைவெளிக்குள் வண்டியைப் பின்பக்கமாகக் கட்டுப்பாட்டோடு நுழைக்கத் தெரிய வேண்டும் என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநர் தேர்வுக்கான 15-வது விதியிலேயே இருக்கிறது. உன் பையில் இருக்கிற லைசென்ஸ், உனக்கு இது வரும் என்று அரசு கொடுத்த எழுத்து. அந்த எழுத்துக்கு உரியவனாக, உரியவளாக இரு. வரவில்லை என்றால் வெட்கப்படாதே, பழகு. விடிகாலையில் ஆளில்லாத மைதானம் ஒன்றுக்குப் போ. காலித் தண்ணீர் கேன்கள் நாலை எடுத்துப்போய் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் அளந்து மூலைக்கு ஒன்றாக வை. கேன் விழுந்தால் யாருக்கும் வலிக்காது. விழ விழ நிமிர்த்தி வைத்து மறுபடி விடு. நாலு காலைகள் இப்படிப் பழகினால் கண்ணாடியில் கோடு வந்து உட்காருவது கைக்குத் தானாகத் தெரிந்துவிடும். அதன்பிறகு நூறு பேர் ஹாரன் அடித்தாலும் உன் கை நடுங்காது.

நிறுத்துமிடம் நடத்துகிறவர்களுக்கும் மாநகராட்சிக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. டோக்கன் கிழித்துப் பணம் வாங்குவதோடு உங்கள் வேலை முடியவில்லை. வாசலில் ஒரு பலகை வையுங்கள்: வண்டிகளை வெளியே பார்த்து நிறுத்தவும். வரிசைகளுக்கு நடுவில் ஒரு கார் திரும்புகிற அளவு பாதையை அகலமாக விடுங்கள். அதற்காக இரண்டு வண்டிக் காசு குறைந்தால் குறையட்டும். காய்ந்த புல்லைத் திருவிழாவுக்கு முன்பே வெட்டி அகற்றுங்கள், மணல் வாளிகளை வையுங்கள். விசில் ஊதி விரட்டுகிற தம்பிகளுக்கு, ரிவர்ஸில் வருகிறவரை எங்கே நின்று வழிகாட்ட வேண்டும் என்று ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொடுங்கள். அடுத்த வைகாசிக்குள் இதைச் செய்ய முடியும். 2059-ல் அத்தி வரதர் மறுபடி எழுந்தருளும்போது இன்றைய பள்ளிப் பிள்ளைகள்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்குள் வருவார்கள். பின் சீட்டில் உட்கார்ந்து நீ நிறுத்துவதை இன்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பலகை வரும்வரை நீ காத்திருக்காதே. அடுத்த தடவை நிறுத்துமிடத்துக்குள் நுழைந்ததும் விசில்காரர் ஓடிவருவார். "நேரா உள்ள விடு சார், பின்னாடி வண்டி நிக்குது" என்பார். ஜன்னலை இறக்கு. குரலை உயர்த்தாதே, தாழ்த்தவும் செய்யாதே. "ஒரு நிமிஷம் அண்ணே, ரிவர்ஸ்லதான் விடுவேன். அந்தப் பக்கம் நின்னு கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ரிவர்ஸ் கியரைப் போடு.